டிஎல்சிக்குத் தனி விலை வைப்பது நியாயமா? வாங்காதவரின் நிலையிலிருந்து ஒரு பதில்

முழு விலை கொடுத்து ஒரு வீடியோ கேமை வாங்கியவரிடம், அதே கேமின் கூடுதல் கதை, கூடுதல் களம், கூடுதல் பாத்திரம் என்று, இணையம் வழியே தரவிறக்கும் டிஎல்சிக்காக (டவுன்லோடபிள் கன்டென்ட்) மறுபடி மறுபடி பணம் கேட்பது நியாயம்தானா என்பது கேள்வி. இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் வருகின்றன. "விருப்பமில்லாவிட்டால் வாங்காதே, யாரும் கட்டாயப்படுத்தவில்லை" என்பது ஒன்று. "முழுதாகத் தர வேண்டியதைத் துண்டு போட்டு விற்கிறார்கள்" என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே வாங்குபவரை மட்டும் மனத்தில் வைத்துப் பேசுகின்றன. வாங்காமல் இருந்துவிடுபவருக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தால்தான் இந்த வழக்கு தீரும் என்பது என் கருத்து. டிஎல்சி வாங்காதவரின் கையில் உள்ள கேம் தன்னளவில் நிறைவாக இருந்து, பிறகும் அப்படியே இருக்குமானால், கூடுதல் பகுதிக்கு விலை வைப்பதில் தவறில்லை. வாங்கவில்லை என்ற காரணத்துக்காகவே அவருடைய கேம் குறைபட்டுப் போகிறது என்றால், கேட்கும் தொகை எவ்வளவு சிறியதானாலும் அது நியாயமில்லை.

டிஎல்சி என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே இந்த வணிகம் இருந்தது. 1998-இல் ஸ்டார்கிராஃப்ட் வெளியானது. அந்த ஆண்டின் இறுதியிலேயே புரூட் வார் என்ற விரிவாக்கம் தனிப் பெட்டியில் விற்பனைக்கு வந்தது. 2000-இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்துக்கு தி கான்கரர்ஸ், 2001-இல் டயாப்லோ இரண்டாம் பாகத்துக்கு லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன் என்று விரிவாக்கங்கள் வந்தன. இவற்றை வாங்காதவர் தன்னிடம் இருப்பது அரைகுறை என்று எண்ணக் காரணம் இருக்கவில்லை. அக்கால விரிவாக்கங்கள் பெரியவையாக இருந்ததற்கு உருவாக்கியவர்களின் நல்ல மனம் மட்டும் காரணமாகிவிடாது. குறுந்தகடு அச்சிட்டு, பெட்டியில் அடைத்து, கடைக்கு அனுப்பும் செலவை ஈடுகட்ட வேண்டுமானால், உள்ளே விற்கத் தகுந்த அளவுக்குச் சரக்கு இருந்தே ஆக வேண்டும். கன்சோல்கள் எனப்படும் வீட்டு விளையாட்டுக் கருவிகள் இணையத்தோடு இணைந்து, கடை வீட்டுத் திரைக்குள்ளேயே வந்துவிட்ட பிறகு அந்தக் கீழ்வரம்பு மறைந்துபோனது.

மறைந்துபோன வரம்பை உலகுக்குக் காட்டியது 2006 ஏப்ரலில் ஆப்லிவியன் என்ற கேமுக்கு டிஎல்சியாக வந்த குதிரைக் கவசம். இரண்டரை டாலர் விலை. குதிரைக்குப் போடும் இரண்டு கவசங்கள், அவ்வளவுதான். இன்றுவரை டிஎல்சியைத் திட்டுபவர்கள் முதலில் இழுப்பது இந்தக் குதிரையைத்தான். இதில் நான் பெரும்பாலானவர்களோடு மாறுபடுகிறேன். அது கொடுத்த பணத்துக்குப் பெறாத பொருள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கவசம் வாங்காதவரின் குதிரை முன்பு போலவே ஓடியது. எந்தக் கதையும் அவருக்கு மூடப்படவில்லை, எந்தப் போரும் கடினமாக்கப்படவில்லை. பெறாத பொருளை அதிக விலைக்கு விற்பது வேறு, வாங்காதவருக்குத் தீங்கு செய்வது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான், உண்மையில் கோபப்பட வேண்டிய இடங்கள் கண்ணில் படாமல் போகின்றன.

அப்படிக் கோபப்பட வேண்டிய இடம் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 2009 நவம்பரில் டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் வெளியானது. பயணத்துக்கு நடுவே கூட்டாளிகளோடு தங்கி இளைப்பாறும் முகாமில் லெவி டிரைடன் என்ற வணிகன் காத்திருப்பான். செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது என்பதைக் காட்டும் குறி மற்றவர்களுக்கு இருப்பது போலவே அவன் தலைக்கு மேலும் தெரியும். பேச்சுக் கொடுத்தால், தன் குலத்துக்கு நேர்ந்த பழியைத் துடைக்க வேண்டும், அதற்கான சான்றுகள் கைவிடப்பட்ட ஒரு கோட்டையில் கிடைக்கலாம், உடன் வர முடியுமா என்று உருக்கமாகக் கேட்பான். சம்மதிக்கப் போகும் நேரத்தில்தான், இந்தப் பகுதி வார்டன்ஸ் கீப் என்ற டிஎல்சியில் இருக்கிறது, பணம் கட்டினால் தொடரலாம் என்பது தெரியவரும். அந்த டிஎல்சி கேமோடு அதே நாளில் விற்பனைக்கு வந்தது. வாங்காதவருடைய முகாமிலும் அந்த வணிகன் வந்து நிற்பான்.

கதைக்குள் ஒரு பாத்திரமாக நிற்பவன் சட்டென்று கடைச் சிப்பந்தியாக மாறுவது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, அவன் அழைக்கும் கோட்டையில் இருந்த ஒரு சாமான் பெட்டி. அந்தக் கேமில் எடுத்துச் செல்லக்கூடிய பொருட்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. பை நிறைந்துவிட்டால் ஒன்றை விற்க வேண்டும் அல்லது அழிக்க வேண்டும். பொருட்களைப் பத்திரப்படுத்தி வைக்க ஒரு பெட்டி வேண்டும் என்பது, அந்த வகைக் கேமை ஆடும் எவருக்கும் சில மணி நேரத்திலேயே தோன்றிவிடும் தேவை. மூலக் கேமில் அப்படியொரு பெட்டி இல்லை, டிஎல்சியில் இருந்தது. ஒரு வசதி இல்லாத இடத்தில் அதைச் சேர்த்து விற்றார்களா, விற்பதற்காகவே இல்லாமல் செய்தார்களா என்பதை வெளியிலிருந்து யாராலும் உறுதிசெய்ய முடியாது. உறுதிசெய்ய முடியாத நிலையில் ஆட்டக்காரரை நிறுத்தியதே தவறு என்று நான் சொல்வேன்.

நோக்கத்தை அளக்க முடியாது என்பதால்தான், வெளியீட்டு நாளிலேயே வரும் டிஎல்சியைப் பற்றிய வாதங்கள் முடிவுக்கு வருவதில்லை. 2012 மார்ச்சில் மாஸ் எஃபெக்ட் மூன்றாம் பாகம் வந்த அன்றே ஃப்ரம் ஆஷஸ் என்ற டிஎல்சியும் பத்து டாலருக்கு வந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. அப்போது உருவாக்குநர்கள் தரப்பில் சொல்லப்பட்ட விளக்கம் பொய்யில்லை. ஒரு கேமின் உள்ளடக்கம் முடிந்த பிறகு பிழை திருத்தம், கன்சோல் நிறுவனங்களின் சான்றளிப்பு, தகடு அச்சிடுதல், கடைகளுக்கு அனுப்புதல் என்று வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இடைவெளி விழுகிறது. அந்தக் காலத்தில் ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் மூலக் கேமில் செய்ய வேலை இருப்பதில்லை. அவர்கள் டிஎல்சியைத் தொடங்குகிறார்கள். ஆகவே ஒரே நாளில் வந்தது என்பதை மட்டும் வைத்து, அறுத்தெடுத்து விற்றுவிட்டார்கள் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அந்த டிஎல்சியில் வந்த ஜாவிக், அழிந்துபோன புரோத்தியன் இனத்தின் கடைசி ஆள். அந்த இனத்தின் அழிவுதான் முதல் பாகத்திலிருந்து கதையை நகர்த்திவந்த மர்மம். முதல் இரண்டு பாகங்களை ஆடி, மூன்றாவதற்கும் முழு விலை கொடுத்தவருக்கு, அந்த மர்மத்தின் ஒரே உயிருள்ள சாட்சி இல்லாத கதை கிடைத்தது. எப்போது உருவாக்கினார்கள் என்ற கேள்வியை நிறுவனத்திடமே விட்டுவிட்டு, அது இல்லாதவருடைய கதை நிறைவாக இருந்ததா என்று கேட்டால் பதில் தெளிவாகக் கிடைக்கிறது.

இதே அளவுகோல் எதிர்த்திசையிலும் வேலை செய்ய வேண்டும். அதே மார்ச்சில் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கனின் தகட்டிலேயே பன்னிரண்டு பாத்திரங்கள் பூட்டி வைக்கப்பட்டிருந்ததைச் சிலர் கண்டுபிடித்தார்கள். "என் தகட்டில் இருப்பது எனக்குச் சொந்தமில்லையா" என்று கொந்தளித்தார்கள். சண்டைக் கேம்களில் இதற்கு ஒரு தொழில்நுட்பத் தேவை உண்டு: எதிரில் ஆடுபவர் ஒரு புதிய பாத்திரத்தை வாங்கியிருந்தால், அதை வாங்காத என் கருவியிலும் அதன் உருவமும் அசைவுகளும் இருந்தால்தான் நாங்கள் இருவரும் மோத முடியும். இன்று இணையத்தில் ஆடப்படும் பல கேம்களில், நாம் வாங்காத ஸ்கின்களின், அதாவது பாத்திரத்தின் தோற்றத்தை மாற்றும் உடைகளின், தரவும் நம் ஹார்டு டிஸ்க்கில் கிடக்கிறது. எனவே தகட்டில் இருந்ததா, பிறகு தரவிறங்கியதா என்பதை வைத்து நியாயத்தைத் தீர்மானிக்க முடியாது. அந்தக் கேமில் வருத்தத்துக்கு உரியது, முழுமையான கேம் என்று விற்கப்பட்ட நாளிலேயே இத்தனை பாத்திரங்கள் ஆயத்தமாக இருந்ததும், அதை நிறுவனம் முன்கூட்டிச் சொல்லாமல் ஆட்டக்காரர்கள் தோண்டி எடுக்க வேண்டி வந்ததும்தான்.

அதே 2012-இல் வெளியான அசுராஸ் ராத் கேமில் கதையின் உண்மையான முடிவே டிஎல்சியாக விற்கப்பட்டது. இதைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. ஒரு கதைக்கு விலை வாங்கியவர் அதன் முடிவையும் அந்த விலைக்குள்ளேயே கொடுத்திருக்க வேண்டும்.

பலர் சேர்ந்து ஆடும் கேம்களில் பிரச்சினை வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே ஆட்டக்காரர் வாங்கும் பொருளின் பெரும்பகுதி மற்ற ஆட்டக்காரர்கள்தான். புதிய களங்களைத் தொகுப்பாக விற்கும்போது, வாங்கியவர்கள் ஒரு பக்கமும் வாங்காதவர்கள் ஒரு பக்கமும் பிரிகிறார்கள். இரு பக்கத்திலும் ஆட ஆள் கிடைக்கக் காத்திருக்கும் நேரம் நீள்கிறது. வாங்காதவரின் கேமில் ஒரு வரிகூட மாறவில்லை, ஆனாலும் அவர் கூட்டத்தை இழந்துவிட்டார். 2016-இல் டைட்டன்ஃபால் இரண்டாம் பாகம் பிற்சேர்க்கைக் களங்களை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது இதை உணர்ந்துதான். ஓவர்வாட்ச் இரண்டாம் பாகம் 2022-இல் புதிய நாயகர்களை, ஆடியோ பணம் கட்டியோ பரிசுகளைத் திறக்கும் பேட்டில் பாஸுக்குள் வைத்தது இதற்கு நேர் எதிரானது: எதிரணி எடுக்கும் நாயகருக்கு ஏற்ப ஆட்டத்தின் நடுவே நம் நாயகரை மாற்றிக்கொள்வதே அந்தக் கேமின் அடிப்படை விதி என்னும்போது, சிலருக்கு மட்டும் சில நாயகர்கள் என்பது விதியையே விற்பதாகும். 2024-இல் அந்த முறையை நிறுவனமே கைவிட்டது.

திட்டமிடும் கேம்களில் இன்னும் நுட்பமான ஒரு வகை உண்டு. யூரோபா யூனிவர்சாலிஸ் நான்காம் பாகத்தில், ஒரு மாகாணத்தை ஆட்சியாளரின் புள்ளிகளைச் செலவிட்டு வளர்க்கும் வசதி 2015-இல் காமன் சென்ஸ் என்ற டிஎல்சியோடு வந்தது. அடுத்த ஆண்டு எல்லோருக்கும் கொடுக்கப்பட்ட இலவசப் புதுப்பிப்பு, மறுமலர்ச்சி, அச்சு இயந்திரம் போன்ற வரலாற்று மாற்றங்கள் நாடுகளுக்குப் பரவுவதைக் காட்டும் 'இன்ஸ்டிட்யூஷன்ஸ்' என்ற புதிய விதியைக் கொண்டுவந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாட்டை ஆடுபவர் தொழில்நுட்பத்தில் பின்தங்காமல் இருக்க, மாகாணத்தை வளர்ப்பதே கைகொடுக்கும் முக்கிய வழி. விதி எல்லோருக்கும் இலவசம், அதைச் சமாளிக்கும் கருவி மட்டும் விலைக்கு என்று ஆனது. டிஎல்சி வாங்காமல் பழைய கேமோடு நிம்மதியாக இருந்தவர், புதுப்பிப்பு வந்த நாளில் பின்தள்ளப்பட்டார். இங்கே அந்தக் கேமை உருவாக்கிய நிறுவனத்தின் நல்ல வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும்: நண்பர்களோடு சேர்ந்து ஆடும்போது, ஆட்டத்தை நடத்துபவரிடம் உள்ள டிஎல்சிகளை மற்றவர்களும் பயன்படுத்தலாம். கூட்டத்தைப் பிரிக்காமல் விற்க முடியும் என்பதற்கு இது போதுமான சான்று.

டிஎல்சியை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள், 2017-இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் இரண்டாம் பாகத்தில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். வரப்போகும் டிஎல்சிகளை மொத்தமாக முன்கூட்டியே விற்கும் சீசன் பாஸ் முந்தைய பாகத்தில் ஆட்டக்காரர்களைப் பிரித்தது என்ற குறையைக் கேட்டு, இந்த முறை களங்கள், நாயகர்கள் எல்லாமே இலவசம் என்று அறிவித்தார்கள். அந்த வருமானத்துக்கு மாற்றாக வந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே திறக்கும் லூட் பாக்ஸ் என்ற பெட்டி. சண்டையில் வலுவைக் கூட்டும் அட்டைகள் அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தன. டார்த் வேடர் என்ற நாயகரைத் திறக்க, கேமுக்குள் சேர்க்கும் காசான கிரெடிட் 60,000 வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அதை ஆடிச் சேர்ப்பதற்கு நாற்பது மணி நேரம் ஆகும் என்று ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நிறுவனம் ரெட்டிட்டில் எழுதிய விளக்கம் அந்தத் தளத்தின் வரலாற்றிலேயே மிக அதிக எதிர்வாக்குகளைப் பெற்றது. விலையை முக்கால் பங்கு குறைத்தும் கோபம் தணியாததால், முறையான வெளியீட்டுக்கு முந்தைய நாள் பண விற்பனையையே நிறுத்தி வைத்தார்கள். முன்பு வாங்காதவர் சில களங்களை மட்டும் இழந்தார். இலவசம் என்ற ஏற்பாட்டில், ஒவ்வொரு சண்டையிலும் பணம் கட்டியவரிடம் தோற்கும் நிலைக்கு வந்தார். பணம் கட்டாதவருக்குச் சலிப்பு ஏற்பட வேண்டும் என்பதற்காகவே ஒரு கேமின் வேகத்தைக் குறைத்து வடிவமைப்பது, வெளிப்படையாக விலை போட்டு விற்கும் எந்த டிஎல்சியையும் விடக் கேடானது.

லூட் பாக்ஸைப் பற்றி இதற்கு மேல் இங்கே பேசத் தேவையில்லை. என்ன கிடைக்கும் என்று தெரியாமல் பணம் கட்டுவது சூதாட்டம் சார்ந்த கேள்வி. 2018-இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் அதை அப்படித்தான் அணுகியது. டிஎல்சி வாங்குபவருக்கு எதை வாங்குகிறோம் என்பதாவது தெரியும்.

செலவு பற்றிய வாதத்துக்கு வருகிறேன். பெரிய கேம்களின் விலை 2005 வாக்கிலிருந்து 2020 வரை அறுபது டாலரிலேயே நின்றது. அதன் பிறகு எழுபதாக உயர்ந்தது. இதே காலத்தில் தயாரிப்புச் செலவு பன்மடங்கு ஏறிவிட்டது. 2023-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தாக்கலான ஆவணங்களில், சரியாக மறைக்கப்படாத வரிகள் வழியே, தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு ஏறத்தாழ 22 கோடி டாலர் செலவானது வெளிவந்தது. ஆகவே, மூல விலையை எல்லோருக்கும் உயர்த்துவதைவிட, மேலும் வேண்டும் என்பவரிடம் மட்டும் மேலும் வாங்குவது நியாயமான வழிதான். 2022-இல் தி சிம்ஸ் நான்காம் பாகத்தின் மூலக் கேம் இலவசமானது, அதன் டிஎல்சிகளை வாங்குபவர்கள் இருப்பதால்தான். ஆனால் அதே கேமின் எல்லாத் தொகுப்புகளையும் தனித்தனியே முழு விலைக்கு வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. செலவு கூடியது என்ற காரணம் டிஎல்சி விற்பதற்கு உரிமை தருகிறது. மூலக் கேமில் ஓட்டை வைப்பதற்கு உரிமை தருவதில்லை.

ஓட்டை வைக்காமல் விற்றவர்கள் இல்லாமல் இல்லை. தி விட்சர் மூன்றாம் பாகம் 2015-இல் உடை, சிறு கதை என்று பதினாறு சிறிய டிஎல்சிகளை இலவசமாகவே கொடுத்தது. பிறகு வந்த இரண்டு பெரிய விரிவாக்கங்களுக்கு மட்டும் விலை வைத்தது. அவற்றில் 2016-இல் வந்த பிளட் அண்டு ஒயின், டூசான் என்ற புதிய நிலப்பரப்போடு ஒரு தனிக் கேமுக்குரிய அளவில் இருந்தது. அதை ஆடாதவருக்கும் மூலக் கதை முழுமையாக முடிந்திருந்தது. 2024 ஜூனில் எல்டன் ரிங்குக்கு வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ நாற்பது டாலர். மூலக் கேமில் இரண்டு கடினமான எதிரிகளை வென்றவர்தான் அதற்குள் நுழைய முடியும். நாற்பது டாலரைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அந்த விலையில் வருத்தமில்லை; முதலில் வாங்கியதை முழுதாகத் துய்த்தவருக்கே இரண்டாவது பயன்படும் என்ற ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

வாங்கியவர் பக்கமும் ஓர் அநியாயம் இருக்கிறது, அது காலம் கடந்த பிறகுதான் தெரியவரும். டெஸ்டினி இரண்டாம் பாகத்துக்கு 2017-இலும் 2018-இலும் வந்த கர்ஸ் ஆஃப் ஒசைரிஸ், வார்மைண்ட் ஆகிய விரிவாக்கங்களின் கதைகள் 2020 நவம்பரில் கேமிலிருந்து அகற்றப்பட்டன. ஃபர்சேக்கன் கதை 2022 பிப்ரவரியில் போனது. கேமின் அளவும் பராமரிப்பும் கைமீறிப் போகின்றன என்பது நிறுவனம் சொன்ன காரணம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காசு கொடுத்தவரிடம் அதை ஆடும் வழி எதுவும் மிஞ்சவில்லை. 2014-இல் வந்த தி க்ரூ கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31-இல் நிறுத்தப்பட்டபோது, தனியாக ஆடக்கூடிய பகுதிகளும் அதற்கு விற்கப்பட்ட விரிவாக்கங்களும் சேர்ந்தே செயலிழந்தன. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம், டிஜிட்டல் பொருளை "வாங்குங்கள்" என்று சொல்லி விற்கும் கடைகள், உண்மையில் விற்பது உரிமம் மட்டுமே என்றால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லிவிட்டுப் பறிப்பது சொல்லாமல் பறிப்பதைவிட மேல். அந்த அளவுக்கு மட்டுமே அது பயன்படும். சர்வரை நிறுத்தும் முன் தனியாக ஆடும் வழியைக் கொடுத்துவிட்டுப் போவதையே நான் நியாயமாகக் கருதுவேன்.

கடைசியாக, டிஎல்சி வாங்கலாமா என்று தயங்கி நிற்பவருக்குச் சில செய்திகள். சீசன் பாஸ் என்பது இன்னும் உருவாகாத பொருளுக்கு முன்பணம் கட்டுவது. அதில் என்னென்ன வரும், எப்போது வரும் என்று எழுதப்படாத பாஸை வாங்காமல் விடுவதில் இழப்பு ஏதும் இல்லை, தனித்தனியாக வந்த பிறகு பார்த்து வாங்கிக்கொள்ளலாம். கணினிக் கேம்களை இணையத்தில் விற்கும் கடையான ஸ்டீம் 2024 நவம்பரில் கொண்டுவந்த விதிகளின்படி, பாஸ் விற்பவர்கள் உள்ளடக்கத்தையும் உத்தேச காலத்தையும் பட்டியலிட வேண்டும், ரத்தானால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அதே கடையில் வாங்கிய டிஎல்சியைப் பதினான்கு நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்க முடியும். ஆனால் அந்த டிஎல்சியை வாங்கிய பிறகு மூலக் கேமை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகவே ஆடியிருக்க வேண்டும். டிஎல்சியில் வந்த பொருட்களைச் செலவழித்திருக்கவும் கூடாது. சில டிஎல்சிகளுக்கு இந்த வசதி கிடையாது. அப்படியானால் அவற்றின் விற்பனைப் பக்கத்திலேயே அது குறிப்பிடப்பட்டிருக்கும்.